வெளிக் குழாயில் போன தண்ணீர்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் எங்கள் வீடு. அம்மா, தம்பி, நான் என மூன்று பேர். மாதத்துக்கு 14 அல்லது 15 யூனிட்டுக்கு மேல் எங்கள் தண்ணீர் பில் போனதில்லை. ஒரு மாதம் அது 31 யூனிட் என்று வந்தது. மானி வாசிக்க வந்தவர் பிழையாக எழுதிவிட்டார் என்றான் தம்பி. வெளியே போய்ப் பார்த்தோம். மானியில் இருந்த எண்ணும் பில்லில் இருந்த எண்ணும் ஒத்துப்போயின.

இது 2023 ஓகஸ்டில் நீர்க் கட்டணம் கூட்டப்பட்டதற்குப் பின் வந்த மாதங்களில் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டெம்பரிலும் ஒரு முறை கூட்டியிருந்தார்கள். ஒரு யூனிட் என்பது 1,000 லீட்டர். வீட்டுப் பாவனைக்கு எல்லா யூனிட்டும் ஒரே விலை இல்லை. பாவனை கூடக் கூட ஒவ்வொரு படியிலும் யூனிட்டின் விலை ஏறும், மாதாந்தச் சேவைக் கட்டணமும் கூடவே ஏறும். ஆகவே தண்ணீர் இரு மடங்கானால் பில் இரு மடங்கோடு நிற்காது. ஓய்வூதியத்தில் வாழும் அம்மாவின் பெயரில்தான் பில் வருகிறது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

யாரையும் சந்தேகிக்கும் முன் வீட்டுக்குள் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அயலவர் மீது பழி சொல்லிவிட்டு, பிறகு நம் வீட்டுக் கழிவறைத் தொட்டிதான் ஒழுகியது என்று தெரியவந்தால் அந்த முகத்தை மறுபடி எப்படிப் பார்ப்பது? எல்லாக் குழாய்களையும் பூட்டினோம். கூரைத் தாங்கிக்குப் போகும் வால்வையும் பூட்டினோம். பிறகு கேட் அருகே குந்தியிருந்து மானியைப் பார்த்தோம். மானியின் முகப்பில் கறுப்பு இலக்கங்கள் முழு யூனிட்டைக் காட்டும். சிவப்பு இலக்கங்கள் யூனிட்டின் பின்னத்தைக் காட்டும். அவற்றுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போல ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. எங்கேயாவது மெல்லிய கசிவு இருந்தாலும் அது சுழலும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அது அசையவே இல்லை.

பகலில் கசிவில்லை என்றால் இரவில் என்ன நடக்கிறது? படுக்கப் போகும்போது மானியைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தேன், விடிந்ததும் மறுபடி எடுத்தேன். சில இரவுகளில் எதுவும் மாறவில்லை. சில இரவுகளில் 0.8 யூனிட் ஓடியிருந்தது. அதாவது 800 லீட்டர். வீட்டில் எல்லோரும் உறங்கும் நேரத்தில்.

எங்கள் வீட்டில் மதிலுக்கு வெளியே, ஒழுங்கையைப் பார்த்தபடி ஒரு பித்தளைக் குழாய் இருக்கிறது. கடலில் குளித்துவிட்டு வருகிறவர்கள் கால் கழுவட்டும், வழியால் போகிறவர்கள் ஒரு வாய் குடிக்கட்டும் என்று அப்பா வைத்தது. தம்பி பத்து லீட்டர் வாளியை அதன் கீழ் வைத்து, முழுதாகத் திறந்து நேரம் பார்த்தான். 50 வினாடியில் வாளி நிரம்பியது. நிமிடத்துக்கு 12 லீட்டர். 800 லீட்டர் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்தக் குழாய் இடைவிடாமல் திறந்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் தாகத்துக்குக் குடித்துவிட்டுப் போன தண்ணீர் இல்லை அது.

உண்மையில் இரண்டு தரப்பார் அங்கே தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதைப் பிரித்து அறிந்துகொண்டதுதான் இந்த விடயத்தில் நாங்கள் செய்த மிகப் பயனுள்ள வேலை என்று நினைக்கிறேன்.

ஒரு தரப்பு, எங்கள் பின்வீட்டில் அறை அறையாக வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள். விடிந்த பிறகு கான்களிலும் வாளிகளிலும் பிடித்துப் போனார்கள். அம்மா எழுந்து கேட்டைத் திறந்தபோது இளம் தாய் ஒருத்தி வாளியை அப்படியே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். "பயப்படாதே பிள்ளை, ஏன் உங்கள் வீட்டில் தண்ணீர் இல்லையா?" என்று அம்மா கேட்டார். அப்போதுதான் விடயம் தெரிந்தது. அந்த வீடு முழுவதற்கும் ஒரே மானி. அது வீட்டு உரிமையாளரின் பெயரில் இருக்கிறது. அவர் வெளிநாட்டில். வாடகையோடு தண்ணீர்க் காசையும் மாதந்தோறும் வாங்கிக்கொண்டவர் பில்லைக் கட்டாமல் விட்டிருக்கிறார். நிலுவை ஏறி இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். காசு கொடுத்தவர்கள் கைக்குழந்தையோடு வாளி தூக்கி நின்றார்கள்.

அவர்கள் எடுத்ததைக் கூட்டிப் பார்த்தால் எல்லாக் குடும்பங்களுக்குமாகச் சேர்த்து ஒரு நாளைக்கு 150 லீட்டர் கூட வராது. இரவில் போன 800 லீட்டர் வேறு கணக்கு.

அந்தக் கணக்கைத் தம்பி மொட்டை மாடியிலிருந்து கண்டுபிடித்தான். எதிர்வரிசையில் நாலு வீடு தள்ளி இருப்பவர் வான் வண்டிகளை வாடகைக்கு விடுகிறவர். இரவு பதினொரு மணிக்குப் பிறகு, எங்கள் குழாயில் பச்சை நிற ஹோஸ் ஒன்றைக் கிளிப் போட்டு மாட்டி, வான்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் வாடகை இருந்தால்தான் கழுவுவார். சில இரவுகளில் மானி ஓடாமல் இருந்ததற்குக் காரணம் அதுவே. தம்பி படம் எடுத்தான். ஹோஸும் குழாயும் எங்கள் மதிலும் தெரியும்படி எடுக்கச் சொன்னேன். அவருடைய பிள்ளைகளோ வீட்டு வாசலோ படத்தில் வரக் கூடாது என்றும் சொன்னேன்.

களனி கங்கையில் எடுத்து, அம்பத்தளையில் சுத்திகரித்து, குழாய் வழியே நகரம் முழுவதும் அனுப்பும் குடிநீர் அது. நீர்வெட்டு என்று பத்திரிகையில் வந்தால் முதல் நாளே பானையிலும் போத்தலிலும் நிரப்பி வைக்கிற ஊர் இது. அந்தத் தண்ணீர் ஒரு மணித்தியாலம் தார் வீதியில் ஓடி வடிகானுக்குள் விழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த நாள் மாலை நானும் தம்பியும் அவர் வீட்டுக்குப் போனோம். "அண்ணா, அந்தக் குழாய்க்கு அம்மாவின் பெயரில் பில் வருகிறது" என்றேன். "தங்கச்சி, குழாய் ஒழுங்கையில்தானே இருக்கிறது. ஒழுங்கை எல்லோருக்கும் பொது" என்றார். ஒழுங்கை பொதுவாக இருக்கலாம், மானி பொது இல்லை என்று பில்லைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. பின்வீட்டு வாடகைக்காரர்கள் பெயரைச் சொன்னார்: "அவர்கள் எடுக்கவில்லையா? என்னை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?" மானியின் இரவுப் படங்களையும் வாளிக் கணக்கையும் சொன்னபோது குரல் உயர்ந்தது. நாங்கள் குரலை உயர்த்தவில்லை. வந்துவிட்டோம்.

காலி வீதி ஹாட்வெயார் கடையில் பூட்டுப் போடக்கூடிய குழாய் விற்கிறார்கள். திருகும் காதிலும் உடம்பிலும் துளை இருக்கும். இரண்டையும் சேர்த்துச் சிறு பூட்டை மாட்டலாம். அதை வாங்கிப் பொருத்தினோம். அதோடு, அந்தக் குழாய்க்குப் பிரியும் இடத்தில் மதிலுக்கு உள்ளே தனி வால்வு ஒன்றும் போட்டோம். வெளிப் பூட்டை யாராவது உடைத்தாலும் வால்வு பூட்டியிருந்தால் தண்ணீர் வராது. வெளிக் குழாய் உள்ள எந்த வீட்டுக்கும் இந்த உள் வால்வு அவசியம் என்பேன். பூட்டை உண்மையிலேயே உடைத்தார்கள். யார் உடைத்தது என்று நான் பார்க்கவில்லை, ஆகவே சொல்லவும் மாட்டேன். வால்வு பூட்டியிருந்தது.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் 1939 இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டோம். மானிக்கு முன்னால் உள்ள குழாய் சபையின் பொறுப்பு, மானிக்குப் பின்னால் உள்ளது பாவனையாளரின் பொறுப்பு. மானி சரியாக ஓடியிருந்தால் பில்லைக் கட்டியே ஆக வேண்டும். கட்டினோம். அதே அழைப்பில், நிலுவையைத் தவணையாகக் கட்டுவதற்குப் பேசலாமா என்று பின்வீட்டுக்காரர்களுக்காகக் கேட்டேன். உரிய அலுவலகத்துக்கு வந்து பேசலாம் என்றார்கள்.

எங்கள் காசைத் திரும்பப் பெற என்ன வழி என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டோம். மத்தியஸ்த சபைக்கு எழுதச் சொன்னார். பிணக்குகளை நீதிமன்றம் போகாமல் பேசித் தீர்க்க, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை இது. பொலிஸுக்குப் போய் அங்கிருந்துதான் வர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை, அவர்களுக்கு அங்கே இடமும் இல்லை. மத்தியஸ்தர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் அல்லர். வார இறுதியில் தங்கள் நேரத்தைக் கொடுத்து வருகிறவர்கள். எங்களுக்கு ஒரு பாடசாலை வகுப்பறையில் நடந்தது. ஒவ்வொரு தரப்பும் ஒருவரைத் தெரிவு செய்ய, அவர்கள் மூன்றாமவரைத் தெரிவு செய்தார்கள். அங்கே பேசியதைப் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியாகக் கொண்டுபோக முடியாது. அதனால் மனம் திறந்து பேச முடிகிறது.

நான் ஒரே ஒரு தாளை எடுத்துப் போனேன். திகதி, இரவு வாசிப்பு, காலை வாசிப்பு, வித்தியாசம் என்று நான்கு நிரல்கள். மூத்த மத்தியஸ்தர் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்க வேண்டும். பேனையை வைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்தார். பிறகு வான்காரரிடம் திரும்பி, "உங்கள் வீட்டில் குழாய் இருக்கிறதுதானே, ஏன் இங்கே வந்து எடுத்தீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் அதுவரை கேட்காத கேள்வி. அவருடைய வீடு குழாய் வரிசையின் கடைசியில் இருக்கிறது. பகலில் அழுத்தம் மிகக் குறைவு. நிலத்தடித் தாங்கியும் மோட்டரும் இல்லை. இரவில் வருகிற தண்ணீர் வீட்டுத் தாங்கிக்கே போதாது. பதில் சொல்லும்போது அவருடைய குரல் எங்களிடம் பேசியது போல இருக்கவில்லை.

காரணம் இருந்தது. ஆனால் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வாடகை வான் கழுவ எங்கள் அம்மாவின் ஓய்வூதியம் போக முடியாது. இரண்டையும் அங்கேயே சொன்னேன். வழக்கமான பாவனைக்கு மேல் வந்த தொகையை இரண்டு தவணையில் தருவது, எங்கள் குழாயைத் தொடாமல் இருப்பது என்று எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். இணங்காமல் போயிருந்தால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள். அதோடு நீதிமன்றம் போகலாம். அது தேவைப்படவில்லை.

பின்வீட்டுக் குடும்பங்களுக்காக எந்தச் சபைக்கும் போகவில்லை. அம்மா காலையில் வால்வைத் திறந்துவிடுவார், அவர்கள் கான்களை நிரப்பிக்கொண்டு போவார்கள். தாங்களாகவே மாதம் ஒரு தொகை கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்க மாட்டேன் என்ற அம்மாவை நான்தான் வாங்க வைத்தேன். கேட்டு எடுக்கிற தண்ணீருக்குக் காசு கொடுத்தால் அவர்கள் தலை நிமிர்ந்து வருவார்கள் என்பது என் எண்ணம். இதற்கிடையில் எல்லாக் குடும்பமும் சேர்ந்து உரிமையாளரோடு தொலைபேசியில் கதைத்து, வாடகையைக் கழித்து நிலுவையைத் தவணையாகத் தாங்களே கட்டுவதென்று எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். இணைப்பு மீண்டும் வந்துவிட்டது. இப்போது மானி வாசிப்பை அவர்களும் மாதந்தோறும் படம் எடுத்து வைக்கிறார்கள்.

வான்காரர் இரண்டு தவணையையும் சொன்ன நாளில் கொடுத்தார். இரண்டாவதைக் கொடுக்க வந்தபோது, அழுத்தக் குறைவைப் பற்றி நீர்ச் சபைக்கு எப்படி எழுதுவது என்று கேட்டார். வரிசையின் கடைசியில் இருக்கும் வீடுகள் எல்லாம் சேர்ந்து கையொப்பமிட்டால் நல்லது என்று சொல்லி, கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் நானே எழுதிக் கொடுத்தேன்.