36 என்ற மதிப்பெண்

"வலையில விழலன்னா ஆத்துலயே இல்லன்னு எழுதிருவீங்களா, தம்பி?" என்று எங்களுக்கு வலை வீசிய அண்ணாச்சி கேட்டபோது, ஓர் ஓடையின் நலத்தை மூன்று இடங்களில் மீன்களைக் கொண்டு அளக்கும் ஆய்வில், மூன்றாம் இடத்துக்கான படிவத்தில் கடைசிக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். கிடைக்காத மீனினத்துக்கு நேரே ஒரு கோடு இழுத்துவிடுவது எங்கள் வழக்கம். அந்தக் கோட்டை இழுத்துவிட்டு, "கெடைச்சதை மட்டும்தான் எழுத முடியும், அண்ணாச்சி" என்றேன். அவர் மறுத்து எதுவும் பேசவில்லை. வீச்சு வலையின் ஈயக் குண்டுகளுக்கு இடையே சிக்கியிருந்த பாசியைப் பொறுமையாக உருவி எறிந்தார், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். நான் சொன்ன பதில் முறைப்படி சரியானது. ஆறு ஆண்டுகள் கழிந்தும் அது போதுமான பதிலாக எனக்குப் படவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கேள்விக்கு முன்பே அவர் இன்னொன்றைச் சொல்லியிருந்தார். அது ஆனி மாதத்தின் முதல் வாரம். பொதிகையில் மழை பிடித்து, தாமிரபரணியில் சேரும் அந்தக் கிளையோடையில் புதுத்தண்ணீர் வந்து நான்கைந்து நாள்கள்தான் ஆகியிருந்தன. "புதுத்தண்ணி வந்தா கெண்ட எல்லாம் மேல ஏறிரும். கீழ கெடக்கிறது ஏறி வரணும்னா தடுப்பணை விடாது. இப்ப வல போட்டா இங்க என்ன கெடைக்கும்? மழயெல்லாம் ஓஞ்சு தண்ணி தெளியட்டும். தை மாசம் வாங்க, நான் காட்டுதேன்" என்றார். நான் தலையசைத்தேன். முதல் வெள்ளத்தில் மீன்கள் முட்டையிட மேலேறும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் மூன்று இடங்களிலும் ஒரே வாரத்தில் மாதிரி எடுத்து, ஆடி முடிவதற்குள் அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது வேலைத்திட்டம். தெரிந்த ஒன்றைக் கணக்கில் சேர்ப்பதற்கு அந்தத் திட்டத்தில் இடம் இல்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் தயக்கம் எங்கே இருக்கிறது என்று காட்ட, ஓடைக்கு மதிப்பெண் தரும் எங்கள் குறியீட்டைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். ஓடையின் நலத்தை அதில் வாழும் மீன் கூட்டத்தைக் கொண்டு அளக்கும் முறையை 1981இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் கார் வகுத்தார். தண்ணீரைப் போத்தலில் பிடித்துச் சோதித்தால் அந்த நொடியின் நிலைதான் தெரியும். நேற்று இரவு திறந்துவிட்ட கழிவு இன்று காலை கடந்து போயிருக்கும். மீன் அப்படி அல்ல. ஆண்டுக்கணக்கில் அதே தண்ணீரில் கிடந்து, பாசியைத் தின்னும் இனம், பூச்சியைத் தின்னும் இனம், பிற மீன்களைத் தின்னும் இனம் என்று ஓடையின் உணவுச் சங்கிலி முழுவதையும் தன் உடம்பில் காட்டுகிறது. எத்தனை இனங்கள், மாசைத் தாங்காத இனங்கள் எத்தனை, எதையும் தின்று பிழைக்கும் மீன்களின் பங்கு எவ்வளவு, புண்ணும் துடுப்பு அரிப்பும் உள்ளவை எத்தனை என்று 12 அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் 5, 3, 1 என மதிப்பெண். மனிதக் கை அதிகம் படாத ஓர் ஒப்பீட்டு இடத்துக்கு நெருக்கமாக இருந்தால் 5, மிகவும் விலகியிருந்தால் 1. ஆகக் குறைந்த கூட்டுத்தொகை 12, ஆக அதிகம் 60.

இரண்டாவது செய்திதான் முக்கியம். கார் தம் சகாக்களோடு 1986இல் வெளியிட்ட விளக்கத்தில், 28 முதல் 34 வரை 'மோசம்', 40 முதல் 44 வரை 'சுமார்', 48 முதல் 52 வரை 'நன்று' என்று வகுப்புகள் இருக்கின்றன. 34க்கும் 40க்கும் நடுவில் எந்தப் பெயரும் இல்லை. அந்த இடைவெளியில் விழும் ஓடையை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பது, ஓடையை நேரில் பார்த்த உயிரியலாளரின் தீர்ப்பைப் பொறுத்தது. பயிற்சிக் காலத்தில் இதைப் படித்தபோது, எண்ணை மட்டும் நம்பாமல் மனிதனின் கண்ணுக்கும் மரியாதை கொடுத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். அந்த மரியாதை எவ்வளவு கனமானது என்று அப்போது உணரவில்லை.

மூன்றாம் இடத்துக்குக் கிடைத்த கூட்டுத்தொகை 36.

அமெரிக்காவின் இல்லினாய், இந்தியானா மாநில ஓடைகளுக்காக எழுதிய அளவுகோல்களை நம் ஓடைக்கு அப்படியே பொருத்த முடியாது. 1998இல் மத்தியப் பிரதேசத்தின் கான், க்ஷிப்ரா ஆறுகளுக்கு இந்த முறையைத் தகவமைத்து ஓர் ஆய்வு வெளிவந்திருக்கிறது. நாங்களும் அதைப் போல, அமெரிக்க ஓடைகளின் அடித்தரையில் வாழும் மீன்களின் இடத்தில் கல்லில் ஒட்டி வாழும் கல்லொட்டியையும் மணலில் புதையும் அயிரையையும் வைத்தோம். அங்கே மாசு கூடக்கூடப் பெருகும் பச்சைச் சூரியமீனின் இடத்தில் ஜிலேபிக் கெண்டையையும், கொசுவை ஒழிக்கவென்று கொண்டுவந்து பல ஓடைகளில் நிறைந்துவிட்ட கம்பூசியாவையும் வைத்தோம். மாசைத் தாங்காத இனம் என்ற வரிசையில் முதலில் எழுதியது, இந்த ஆற்றின் பெயரையே அறிவியல் பெயரில் சுமக்கும் தாமிரபரணிக் கெண்டையை. உலகத்தில் வேறெந்த ஆற்றிலும் இயற்கையாக இல்லாத மீன் அது. வளர்ந்த ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்பின் கதிர்கள் நூல்நூலாக நீண்டு, துடுப்பைத் தாண்டி வாலை நோக்கிப் படிந்திருக்கும். தெளிந்த தண்ணீரில் அது திரும்பும்போது அந்த நூல்கள் ஒரு கணம் தாமதித்துத் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. படிவத்தில் நான் இழுத்த கோடு இதற்கு நேரேதான்.

அந்த ஓர் இனம் வலையில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்றிரவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாசைத் தாங்காத இனம் ஒன்றாவது இருந்தால் அந்த அளவுகோலுக்கு 1க்குப் பதில் 3. மொத்த இனங்கள் 11 ஆக இருந்தது 12 ஆகியிருக்கும், எங்கள் வரையறையில் அதற்கு 3க்குப் பதில் 5. கூட்டுத்தொகை 40. 'சுமார்' என்ற வகுப்பின் முதல் படி. ஒரே ஒரு மீன் போதும், எத்தனை என்பது அந்த இரண்டு அளவுகோல்களிலும் பொருட்டல்ல.

இதைத் தெரிந்துகொண்டேதான் 36க்கு நேரே 'மோசம்' என்று எழுதினேன். அலட்சியத்தால் எழுதவில்லை. அந்த இடத்தில் நின்றவர்கள் யாரும் வேறு மாதிரி எழுதியிருக்க மாட்டார்கள் என்று அன்று நம்பினேன். ஊர்ச் சாக்கடை வந்து சேரும் மூலையில் சோப்பு நுரை ஆகாயத்தாமரையின் வேரில் தங்கி நின்றது. கால் வைத்தால் கறுப்புச் சேறு கிளம்பி முட்டை அழுகிய நாற்றம் அடித்தது. பிடித்த ஜிலேபிக் கெண்டைகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வால் துடுப்பு அரித்துப்போயிருந்தது. மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கக்கூடிய தேளியும் குறவையும், வளர்ப்புக் குளத்திலிருந்து தப்பி வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும்தான் பெரிய மீன்கள். இதைப் பார்த்துவிட்டுச் 'சுமார்' என்ற சொல்லை எழுத என் கை வரவில்லை. சொல் கடுமையாக இருந்தால்தான் சாக்கடையைத் திருப்புவார்கள் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. உயிரியலாளரின் தீர்ப்புக்கென்று விட்ட இடத்தில் என் விருப்பத்தையும் சேர்த்து வைத்தேன்.

ஐப்பசியில் நடந்த கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். விரிவடைந்த ஊருக்குப் புதிய மழைநீர் வடிகால் கட்டுவது பற்றிய கூட்டம் அது. பெயர்தான் மழைநீர் வடிகால், வீட்டுக் கழிவும் அதில்தான் வரும் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வடிகாலை எங்கே திறப்பது என்பதற்கு இரண்டு வழிகள் இருந்தன, ஒன்று எங்கள் இரண்டாம் இடத்துக்கு மேலே, மற்றொன்று மூன்றாம் இடத்தில். இரண்டாம் இடம் 48 பெற்று 'நன்று' என்ற வகுப்பில் இருந்தது. பொறுப்பில் இருந்த அதிகாரி என் அறிக்கையைப் பக்கம் புரட்டிப் படித்திருந்தார். அப்படிப் படிப்பவர்கள் அரிது என்பதால் அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டானது. "நல்லா இருக்கிற இடத்தைக் கெடுக்க வேண்டாம் சார். மூணாவது ஏற்கெனவே மோசம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அங்கேயே விட்டுரலாம்" என்றார். என் பக்கம் திரும்பி, "சரிதானே?" என்றும் கேட்டார்.

"இப்போதைய நிலை அதுதான்" என்றேன்.

இந்த மூன்று சொற்களைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவற்றில் பொய் இல்லை. நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று பல நாள் எனக்காகவே வாதாடியிருக்கிறேன். வடிகால் எங்காவது திறந்துதான் ஆக வேண்டும். 'சுமார்' என்று எழுதியிருந்தாலும் 'நன்று' என்ற இடத்தோடு ஒப்பிட்டு இதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். என் அறிக்கையால் இரண்டாம் இடம் தப்பியது, அங்கே இன்றும் கல்லொட்டி பாறை நிழலில் ஒட்டிக்கிடக்கிறது. இப்படி நினைக்கும்போது மனம் சற்று ஆறும். ஆனால் கழிவைச் சுத்திகரித்துவிட்டு இறக்கலாம் என்ற மூன்றாவது வழியை அந்த அறையில் யாரும் எடுக்கவில்லை. எடுக்கக்கூடியவன் நான்தான். 'மோசம்' என்பது பழுதுபார்க்கச் சொல்லும் சொல் என்று நான் நினைத்திருந்தேன். அது கைவிட்டுவிடலாம் என்ற அனுமதியாகவும் படிக்கப்படும் என்பதை அங்கே உட்கார்ந்திருந்தபோதே புரிந்துகொண்டேன். புரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை.

தை மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு அண்ணாச்சியைத் தேடிப் போனேன். வடிகாலுக்கான பள்ளம் தோண்டி முடித்திருந்தார்கள், ஓடையோடு இணைக்கவில்லை. தண்ணீர் முழங்கால் அளவில் தெளிந்து ஓடியது. அவர் ஒன்பது முறை வலை வீசினார். ஒன்பதாவது வீச்சில், சாக்கடை மூலைக்குச் சற்று மேலே இருந்த மடுவிலிருந்து, என் சுட்டுவிரல் நீளத்தில் ஒரு கெண்டை வந்தது. வாளியில் விட்டபோது அது மூலையில் ஒண்டி, செவுள் மூடி வேகமாக அடித்துக்கொள்ள நின்றது. முதுகுத் துடுப்பில் இரண்டு கதிர்கள் மட்டும் மற்றவற்றைத் தாண்டி மயிரிழை அளவுக்கு வளரத் தொடங்கியிருந்தன. இளம் ஆண் மீன். அண்ணாச்சி எதுவும் சொல்லவில்லை. நான் படம் எடுத்துக்கொண்டு, வாளியைத் தண்ணீருக்குள் சாய்த்து விட்டுவிட்டேன்.

அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவரிடம் படத்தைக் காட்டினேன். "ஆனி மாத மாதிரியில் தை மாத மீனைச் சேர்க்க முடியாது, உங்களுக்கே தெரியும்" என்றார். தெரியும். ஒரு பருவத்தின் வலையையும் இன்னொரு பருவத்தின் வலையையும் கலந்தால் அந்த எண்ணுக்கே பொருள் இல்லாமல் போகும். என்னிடம் வேறொருவர் அந்தப் படத்தைக் கொண்டுவந்திருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அதோடு அந்த மீன் அங்கேயே வாழ்ந்ததுதானா, கார்த்திகை வெள்ளத்தில் மேலிருந்து அடித்து வரப்பட்டதா என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. அதனால் வற்புறுத்தவில்லை. சித்திரையில் வடிகாலை இணைத்துவிட்டார்கள்.

முறையின் உள்ளே எனக்கு இன்னும் உறுத்தும் இடம் ஒன்று இருக்கிறது. அண்ணாச்சி சொன்னபடி அந்த வாரம் மீன்கள் மேலேறியிருந்தால், அவை போய்ச் சேர்ந்தது காட்டோரத்தில் இருந்த எங்கள் முதல் இடத்துக்கு. அதுதான் எங்கள் ஒப்பீட்டு இடம். மூன்றாம் இடத்தைக் காலி செய்த அதே மீன்கள் ஒப்பீட்டு இடத்தை நிறைத்திருக்கும். அளக்கப்படும் பொருள் குறைந்ததோடு அளவுகோலும் நீண்டிருக்கும். அப்படியானால் 36 என்பது இரண்டு வகையிலும் பிழையானது. தடுப்பணை இல்லாதிருந்தால் கீழிருந்து வேறு மீன்கள் ஏறி வந்து அந்த வெற்றிடத்தை நிரப்பியிருக்கும். அதனால் காலியாகக் கிடந்ததும் ஓடையின் உண்மையான நோய்தான், அதை அளந்தது பிழையே இல்லை என்றும் வாதிடலாம். எந்த நாளில் எந்த வாதம் வலுவாகப் படும் என்பது என் மனநிலையைப் பொறுத்திருக்கிறது.

மாதிரி எடுத்த மாதத்தை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எழுதும் வழக்கத்தை அதன்பிறகு கொண்டுவந்தேன். வலை வீசுபவர் சொல்வதைக் குறிக்கவும் படிவத்தில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். அந்த மூன்றாம் இடத்துக்கான திருத்தக் கடிதம் ஒன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். வகுப்பை 'மோசத்துக்கும் சுமாருக்கும் இடையில்' என்று மாற்றக் கோரும் கடிதம். அதை அனுப்ப எடுக்கும்போதெல்லாம், வடிகால் ஐந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பது நினைவுக்கு வரும். இன்று வலை வீசினால் அங்கே 36 கூட வராது. வகுப்பை உயர்த்தித் திருத்தினால் இன்றைய ஓடைக்குப் பொய், திருத்தாமல் விட்டால் அன்றைய ஓடைக்குப் பொய். கடிதத்தில் தேதி போடவேண்டிய இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.