எக்கோ திரையில் கறுப்பு வளையம்

"இருமல்தானே டொக்டர், ஏன் நெஞ்சை ஸ்கேன் பண்ணுறீங்கள்?"

பொரளை பிள்ளைகள் ஆஸ்பத்திரியில இண்டைக்குக் காலமை ஒரு அம்மா கேட்டா. பிள்ளை அவவின்ர மடியில நிமிர்ந்தே இருந்தது. படுக்க வைச்சால் வீரிட்டு அழுகை. எக்கோ எண்ட இதய ஸ்கேன் திரையில இதயத்தைச் சுற்றிக் கறுப்பாய் ஒரு வளையம்.

நீர்.

இதயத்தைச் சுற்றியிருக்கிற பையில கொஞ்ச நீர் எல்லாருக்கும் இருக்கும். ஆனால் அந்தப் பை சட்டெண்டு விரியாது. வாரக்கணக்கில மெல்லச் சேர்ந்தால் வளர்ந்தவர்களில ஒரு லீட்டரையும் தாங்கும். சடுதியாய்ச் சேர்ந்தால் 200 மில்லிலீட்டரே ஆபத்து. சின்னப் பிள்ளைக்கு அதைவிட எவ்வளவோ குறைவு.

நீர் கூடினால் முதலில நசுங்கிறது இதயத்தின்ர வலது பக்கம். அங்க அழுத்தம் குறைவு. சுருங்கப் பலம் இருக்கு, நிரம்பத்தான் இடமில்லை. நிரம்பாத இதயம் எதைப் பம்ப் பண்ணும்? வேகமாய்த் துடிச்சு ஈடுகட்டப் பார்க்கும். அதனால பிள்ளைகளில பிரஷர் கடைசிமட்டும் நல்லாய்த்தான் காட்டும். எனக்கு அதுதான் பயம்.

இதயம் நசுங்குதா எண்டு அறிய, மூச்சை உள்ளே இழுக்கேக்க மேல் பிரஷர் 10 mmHgக்கு மேல இறங்குதா எண்டு பார்க்கவேணும். அதுவும் கத்துற பிள்ளையில!

வைரஸ், பக்டீரியா, காசநோய், லூபஸ் (உடம்பின்ர எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கிற நோய்), சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய், இதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு... நீர் சேரக் காரணம் கனக்க. டெங்குவிலும் நீர் கசியும், ஆனால் இதயத்தை நசுக்கிற அளவுக்குப் போறது அபூர்வம்.

நீர் இதயத்தை இறுக்கின பிறகு, நீர்தானே எண்டு சலம் போக மருந்து குடுத்தால் இன்னும் மோசமாகும். ஊசியால எடுக்கவேணும். கொஞ்சம் எடுத்தாலே பைக்குள்ள அழுத்தம் சடாரெண்டு இறங்கும்.

இந்தப் பிள்ளைக்கு இன்னும் அந்தக் கட்டம் வரேல்லை. வார்ட்டில வைச்சிருக்கிறம், பின்னேரம் திரும்ப எக்கோ.