ராணிக்குச் சேலைன் வாங்கிய காசு

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் எது அடைத்தாலும் மேலே வர வழியில்லை. அதனாலும் குதிரைக்கு வரும் வயிற்றுக்குத்து சில மணித்தியாலங்களிலேயே உயிரைக் கொண்டுபோய்விடக்கூடியது. ராணி என்ற குதிரையின் வைத்தியத்துக்குக் காசு கேட்டபோது எல்லோருக்கும் முதலில் சொன்னது இதைத்தான். நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடிய நோய் இல்லை என்று புரிந்தவர்கள் அன்றைக்கே அனுப்பினார்கள்.

ராணி நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த குதிரை. நான் வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருக்கிறேன். அவள் கொழும்புக்கு வெளியே ஒரு லாயத்தில் நிற்கிறாள். அவளைப் பராமரிக்கும் தம்பி ஹட்டன் பக்கத்து ஆள். "அக்கா, ராணி நேத்துலேருந்து லத்தி போடல. படுக்குது, எந்திரிக்குது, வயித்தையே திரும்பித் திரும்பிப் பாக்குது" என்று அவர் போனில் சொன்னவுடன் மிருக வைத்தியரைக் கூப்பிட்டோம். அந்தத் தம்பியின் கண் இல்லையென்றால் இன்று ராணி இல்லை.

வைத்தியர் தாடைக்குக் கீழே விரல் வைத்து நாடி பார்த்தார். சும்மா நிற்கிற குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கவேண்டியது, 60ஐத் தாண்டியிருந்தது. உதட்டைத் தூக்கிப் பல் முரசின் நிறம் பார்த்தார், விலாவில் காது வைத்துக் கேட்டார், தோள்வரை கையுறை போட்டு உள்ளே தடவிப் பார்த்தார். பெருங்குடல் வளைவில் காய்ந்த தீனி கட்டியாக அடைத்திருந்தது. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது பற்றியும் பேசினோம். அந்த நோவோடு நூறு கிலோமீற்றருக்கு மேல் லொறியில் நிற்க வைத்துக் கொண்டுபோக அவர் விரும்பவில்லை. முதலில் நோ குறைய ஊசி, பிறகு சேலைன் என்று முடிவாயிற்று.

இங்கேதான் காசு. ஏறக்குறைய 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு 25 லீற்றர் அளவில் நீர் வேண்டும். மனிதருக்கு ஏற்றும் 500 மில்லிலீற்றர் பைகளில் கணக்குப் பார்த்தால் 50 பை. அடைப்பை இளக்க அதற்கும் மேலே. இந்தக் கணக்கை அப்படியே வட்ஸ்அப் குழுவில் எழுதினேன். வைத்தியரின் மருந்துத் துண்டு, மருந்துக்கடையின் விலைப்பட்டியல், கடையின் வங்கிக் கணக்கு இலக்கம், மூன்றையும் படமெடுத்துப் போட்டேன். என் கணக்குக்கு ஒரு சதமும் வேண்டாம், கடைக்கே நேரே போடுங்கள் என்றேன். இப்படிக் கேட்கப்போகிற யாருக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான்: மொத்தத் தொகையைக் கேட்காதீர்கள், பையைக் கேளுங்கள். "எனக்கு இரண்டு பை", "என் மகளின் பேரில் ஒரு பை" என்று ஆட்கள் எழுதத் தொடங்கினார்கள். ராணியின் முதுகில் சவாரி பழகிய பிள்ளைகள் உண்டியலை உடைத்தார்கள்.

வெளிநாட்டுக் காசு வேறு கதை. கோஃபண்ட்மி என்ற, காசு திரட்டும் இணையத்தளத்தில் சேரும் காசை இலங்கை வங்கிக் கணக்குக்கு எடுக்க முடியாது. அந்தத் தளம் இயங்கும் நாட்டில் இருக்கிற ஒருவர்தான் தன் பேரில் சேகரிப்பைத் திறக்கவேண்டும். ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் திறந்தாள். அந்தக் காசு கைக்கு வர நாளெடுக்கும் என்பதால், முதலில் தன் கையிலிருந்து அனுப்பிவிட்டுப் பிறகு அதில் எடுத்துக்கொண்டாள். அவசரத்துக்கு அப்படி முன்னால் போட ஒருவர் இருக்கவேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் கேட்டார்: "பிள்ளை, 2022இல் ஆஸ்பத்திரிகளில் மருந்தில்லாமல் சனம் திண்டாடினது. குதிரைக்கோ காசு?" நியாயமான கேள்வி. அவருடைய மனைவிக்கே அப்போது மருந்து கிடைக்கவில்லை. நான் வாதாடவில்லை. "ஐயா, அவள் வேலை செய்து களைத்துப்போய் எங்களை நம்பி நிற்கிற உயிர், என்னால் விட ஏலாது" என்றேன். அவர் தரவில்லை. எனக்கு அவரில் கோபமும் இல்லை.

நாடி மெல்ல இறங்கியது. மூக்குவழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டுப் பார்த்ததில் எதுவும் திரும்பி வரவில்லை. அது நல்ல அறிகுறி என்ற வைத்தியர், திரவ பரஃபினும் உப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரும் அந்தக் குழாயாலேயே கொடுக்கத் தொடங்கினார். குடல் வேலை செய்கிறபோது இது சேலைனைவிட மிகவும் மலிவு, இந்த மாதிரி அடைப்புக்கு நன்றாகவும் வேலை செய்யும். ஒரு விடியற்காலை தம்பி லத்தியின் படத்தை அனுப்பினார். அதைக் குழுவில் போட்டேன். காசு தந்த ஒவ்வொருவரும் பதில் எழுதினார்கள்.

சேலைன் எதிர்பார்த்த அளவு தேவைப்படாததால் கடையில் காசு மீந்தது. தந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன். சிலர் திருப்பிக் கேட்டார்கள், கடைக்காரர் கொடுத்தார். மற்றவர்களின் சம்மதத்தோடு ராணியின் பல்லை அராவினோம். வயதான குதிரையின் பல் கூராகிவிட்டால் தீனியைச் சரியாக மெல்லாது, அடைப்பு திரும்பவும் வரும். மிச்சம் அதே லாயத்தில் நிற்கிற மற்றக் குதிரைகளுக்கான பூச்சி மருந்துக்குப் போனது. பற்றுச்சீட்டுகள் எல்லாம் குழுவில் இருக்கின்றன, பிந்திச் சேர்ந்தவர்களும் பார்க்கலாம்.