டெப்லட் மணி: மலைப்பாதை ஸ்டேசன் நாட்குறிப்பு

ஜூன் 3

இலங்கை மலைநாட்டில் நாவலப்பிட்டி தாண்டி ஹட்டன் பக்கம் ஏறுகிற ரயில் பாதையில் இங்குருஓயா, கலபொட, வட்டவளை, றொசல்ல என்று வரிசையாகச் சின்ன ஸ்டேசன்கள். தோட்டத்துச் சனம் நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்கும் கண்டி டவுனுக்கும் இறங்கிப் போக இவைதான் வாசல். லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகள்) பஸ் ரோட்டுக்கு நடப்பதைவிட ஸ்டேசனுக்கு நடப்பது கிட்ட என்கிற தோட்டப் பிரிவுகள் நிறைய.

அளவைச் சொல்லிவிட்டால் மற்றது விளங்கும். நாவலப்பிட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 அடி. ஹட்டன் 4,100 அடிக்கு மேல். நடுவில் பாதை சுமார் 34 கிலோமீட்டர்தான். கடும் ஏற்றத்தில் 44 அடி முன்னே போனால் 1 அடி மேலே. இறுக்கமான வளைவுகளின் ஆரம் 5 செயின், அதாவது 100 மீட்டர் அளவு. நாவலப்பிட்டிக்குக் கோச்சி (ரயில்) வந்தது 1874இல், நானுஓயாவுக்கு 1885இல். அன்று வெட்டிய பாதையில்தான் இன்றைய கோச்சியும் ஏறுகிறது. அதுவும் ஒற்றைத் தண்டவாளம்.

ஜூன் 5

கோச்சி ஏன் நடுக்காட்டில் நிற்கிறது என்று கேட்பவர்கள் டெப்லட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பக்கத்துப் பக்கத்து ஸ்டேசன்கள் இரண்டிலும் ஒவ்வொரு டெப்லட் பெட்டி இருக்கும். இரண்டையும் கம்பி இணைக்கிறது. உள்ளே வட்டமான உலோகத் தகடுகள், இவைதான் டெப்லட். ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு ஸ்டேசன்களின் பெயர் வெட்டியிருக்கும். இரண்டு பெட்டியையும் சேர்த்து ஒரு நேரத்தில் ஒரு தகடுதான் வெளியே வரும். ஒன்று வெளியே இருக்கும்வரை மற்ற எல்லாமே பூட்டு. அந்தத் தகடு கையில் இல்லாமல் டிரைவர் அந்த இரண்டு ஸ்டேசனுக்கும் இடைப்பட்ட பாதைத் துண்டுக்குள் நுழையக் கூடாது. எதிரும் புதிருமாக இரண்டு கோச்சி ஒரே துண்டில் மாட்டிக்கொள்ளாமல் காப்பது இதுதான்.

எடுக்கிற முறை: இந்தப் பக்கத்து ஸ்டேசன் மாஸ்டர் மணிக்குறி அடித்து அந்தப் பக்கத்தைக் கூப்பிடுவார். பதில் மணி வந்ததும் எந்த வகைக் கோச்சி என்பதற்கான குறியை அடிப்பார். பாதை காலி என்றால் அந்தப் பக்கத்துக்காரர் தம் பொத்தானை அழுத்திப் பிடிப்பார். அந்த மின்சாரம் வந்தால்தான் இங்கே தகடு வெளியே இழுபடும். தோல் பைக்குள் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, டிரைவர் பக்கம் நீட்டுவார்கள். டிரைவர் பெயரை வாசித்துச் சரிபார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். முன்னால் உள்ள துண்டின் தகடுக்குப் பதில் பின்னால் விட்டுவந்த துண்டின் தகடு கைமாறினால் அந்த வாசிப்புதான் கடைசிக் காவல். அடுத்தடுத்த துண்டுகளின் தகடுகளில் வெட்டு வேறு வேறாக இருப்பதும், ஒன்று மற்றதன் பெட்டிக்குள் போகக் கூடாது என்பதற்காகத்தான்.

கெடுவது பெரும்பாலும் கம்பியில். காற்றில் சவுக்கு மரமோ டர்பன்டைன் மரமோ சாய்ந்து கம்பியை அறுத்துவிட்டால் பெட்டி திறக்காது. அப்போது இரண்டு மாஸ்டர்களும் ஒருவரையொருவர் உறுதிப்படுத்திக்கொண்டு, எழுத்தில் அனுமதிச் சீட்டு கொடுத்துத்தான் வண்டியை விட வேண்டும். அந்தத் தாமதத்துக்கு ஸ்டேசன் ஆட்களைத் திட்டுவது நியாயமில்லை. அவசரப்படாமல் வேலை செய்கிறார்கள் என்பதே அதற்கு அர்த்தம்.

ஜூன் 6

மேடையில் காத்திருப்போருக்கு ஒரு உதவி. கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், மணியைக் கேளுங்கள். பதில் மணி வந்து டெப்லட் எடுத்தாயிற்று என்றால் வண்டி அடுத்த ஸ்டேசனை விட்டுக் கிளம்பப் போகிறது. கைகாட்டி (சிக்னல்) இறங்கிவிட்டால் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளலாம்.

ஜூன் 10

தென்மேல் பருவமழை பிடித்துவிட்டது. வட்டவளைப் பக்கம் இலங்கையிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று.

பாதையைக் கெடுப்பது மேலிருந்து விழும் தண்ணீரைவிட வெளியேற வழியில்லாமல் நிற்கும் தண்ணீர். மலைப்பக்கக் கானில் (வடிகாலில்) தேயிலைக் கவ்வாத்துக் குச்சியும் மண்ணும் அடைத்தால், நீர் ஜல்லிக்கு அடியில் தேங்கும். வண்டி போகும்போது சிலிப்பர் கட்டை கீழே அழுந்தி எழும்பும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அடிமண் சேறாகி ஜல்லிக்குள் பிதுங்கி ஏறும். கட்டையைச் சுற்றி வெள்ளைச் சேறு தெறித்திருந்தால் அந்த இடம் நோயாளி. மேலே புது ஜல்லி கொட்டினால் ஒரு மாதம் தாங்கும், திரும்பவும் இறங்கும். கானைத் தோண்டி, சேறான ஜல்லியை எடுத்து, புதிதாகப் போட்டு இறுக்கினால்தான் குணமாகும். கவ்வாத்துக் குச்சியைக் கானில் தள்ளாமல் இருக்கத் தோட்டத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடியும்.

மண்சரிவுக்கு முன் அறிகுறி உண்டு: மேட்டில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்கி ஓடுவது. கண்டால் உடனே பக்கத்து ஸ்டேசனுக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 11

ஈரத் தண்டவாளத்தில் இலையும் எண்ணெயும் சேர்ந்தால் ஏற்றத்தில் இன்ஜின் சக்கரம் வழுக்கும். அதற்குத்தான் சக்கரத்துக்கு முன்னால் மணல் விடுகிறார்கள். மணல் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் குழாயில் கட்டியாகி அடைத்துவிடும். ஒரு பக்கக் குழாய் மட்டும் அடைத்தாலும் பிடிப்பு குறைந்துவிடும்.

ஜூன் 14

தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம். என்றாலும் மட்டமான பாதை வேறு இல்லாத இடங்களில் பிள்ளைகள் நடக்கத்தான் செய்கிறார்கள். அதனால் இதை ஒவ்வொரு லயத்திலும் சொல்ல வேண்டும்: ஏறும் கோச்சி இரைந்துகொண்டு வரும், தூரத்திலேயே கேட்கும். இறங்கும் கோச்சிக்கு இன்ஜின் உழைக்கத் தேவையில்லை. பிரேக்கைப் பிடித்தபடி சத்தமில்லாமல் வளைவில் வந்துவிடும். மழையும் மூடுபனியும் இருந்தால் காதும் உதவாது, கண்ணும் உதவாது. குடையைத் தாழ்த்திப் பிடித்து நடப்பதுதான் மிக மோசம். சுரங்கத்துக்குள் போகவே கூடாது.

ஜூன் 17

கண்டிக்குப் போகிறவர்களுக்கு. மலையிலிருந்து இறங்கும் எல்லாக் கோச்சியும் கண்டிக்குள் போவதில்லை. பொடி மெனிக்கே என்கிற கோச்சி கண்டிக்குள் போய்த் திரும்பும். உடரட்ட மெனிக்கே பேராதனைச் சந்தியோடு கொழும்புப் பக்கம் திரும்பிவிடும். அப்படியானதில் ஏறினால் பேராதனைச் சந்தியில் இறங்கி மாற வேண்டும். டிக்கட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குச் சரசவி உயன ஸ்டேசன் கிட்ட. கண்டி ஸ்டேசனை ஒட்டியே குட்செட் பஸ் நிலையம்.

குட்டை மேடைகளில் பின்பெட்டிகள் வெளியே நிற்கும். நோயாளியோடு போனால் நடுப்பெட்டியில் ஏறி, இறங்கும் இடத்தைக் கார்டிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஜூன் 21

சனம் குறைவு என்று ஒரு சின்ன ஸ்டேசனின் டெப்லட் பெட்டியை எடுத்துவிட்டு, டிக்கட் மட்டும் விற்கும் உப ஸ்டேசனாக்கலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கீழ் ஸ்டேசனிலிருந்து நடு ஸ்டேசனுக்கு 12 நிமிடம், அங்கிருந்து மேல் ஸ்டேசனுக்கு 12 நிமிடம் என்று வைப்போம். ஏறும் வண்டி 8.00க்குக் கிளம்புகிறது. இறங்கும் வண்டி மேலே 8.02க்குத் தயார். நடுவில் டெப்லட் பெட்டியும் லூப் லைனும் (வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கப்பாதை) ஆளும் இருந்தால், ஏறும் வண்டி 8.12க்கு லூப்பில் ஒதுங்கும். இறங்கும் வண்டி 8.14க்கு வந்து தாண்டிப் போகும். நடு ஸ்டேசனை மூடினால் இரண்டு துண்டும் ஒன்றாகிவிடும். ஏறும் வண்டி 8.24க்கு மேலே வந்து சேரும்வரை இறங்கும் வண்டி அசைய முடியாது. ஒரே சந்திப்பில் 22 நிமிடம் போய்விட்டது. கண்டியில் கிளினிக் நம்பர் எடுக்கப் போகிறவருக்கு அன்றைய நாளே போய்விடும். நஷ்டம் அந்த ஸ்டேசனின் சனத்துக்கு மட்டுமில்லை, அந்தப் பாதையில் போகிற எல்லோருக்கும்.

ஸ்டேசனைக் குறைக்க வேண்டாம் என்று மனு எழுதுகிறவர்கள் ஏறி இறங்கும் ஆட்களின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், அந்த ஸ்டேசனில் தினமும் எத்தனை வண்டிகள் ஒன்றையொன்று தாண்டுகின்றன, எது எத்தனை நிமிடம் நின்றது என்பதையும் சேர்க்க வேண்டும். ஏழு நாள் கணக்கு போதும். நாளைக் காலை 6 மணியிலிருந்து குறிக்கத் தொடங்குகிறோம்.