இலவசப் பயிற்சியும் முடியாத ஒரு டாஸ்க்கும்

பெருந்தரவை இலவசமாகக் கற்றுத் தருகிறோம் என்று யாராவது அழைத்தால், முதலில் அவர்களுடைய பதிவுப் படிவத்தைப் படியுங்கள். நான் போன பயிற்சியின் படிவம் பெயர், மின்னஞ்சலோடு நிற்கவில்லை. கைப்பேசி எண், இப்போதைய சம்பளம், எப்போது வேலை மாற விருப்பம் என்று நீண்டது. பயிற்சி நாள் வருவதற்குள் கட்டணச் சான்றிதழ் வகுப்பை விற்கும் அழைப்புகள் வந்துவிட்டன. படிவத்தில் சம்பளம் கேட்டால் அது பயிற்சி அல்ல, ஆள்பிடிப்பு.

அன்று வாசலில் இருந்தவர் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கள் பெயர் இல்லையே சார்" என்றார். இடம் உறுதி என்று வந்த மின்னஞ்சலைக் காட்டினேன். "அது தானாகப் போகிற மின்னஞ்சல். பட்டியல் வேறு." வராதவர்களின் இடம் காலியானது தெரிந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

உள்ளே பயிற்சியாளர் காலை முழுவதும் ஹடூப் என்ற பெருந்தரவு மென்பொருளில் வேலைகளைப் பங்கிட்டு மேற்பார்த்த ஜாப்டிராக்கர், டாஸ்க்டிராக்கர் என்ற பாகங்களின் படங்களை வரைந்துகொண்டிருந்தார். 2013இல் ஹடூப் 2 வெளிவந்தபோதே யார்ன் என்ற அதன் புதிய பங்கீட்டுப் பாகம் அந்த இரண்டையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஹடூப்பின் கோப்பு அமைப்பான எச்டிஎஃப்எஸ் கோப்புகளை வெட்டி வைக்கும் துண்டின், அதாவது பிளாக்கின், அளவு 64 எம்பி என்றார். இயல்பு அளவு 128 ஆகிப் பல வருடங்கள் ஆகின்றன. பெருந்தரவை வேகமாக அலசும் ஸ்பார்க் மென்பொருள் எப்போது என்று முன்வரிசைப் பெண் கேட்டதற்கு, "அது அடுத்த நிலை வகுப்பில்" என்று பதில் வந்தது. அடுத்த நிலைக்குத்தான் கட்டணம். எந்த வகுப்பிலும் சேருமுன் பாடத்திட்டத்தில் ஜாப்டிராக்கர் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். வரலாறாகச் சொன்னால் சரி. பாடமாகவே இருந்தால் போகாதீர்கள்.

பிற்பகல் செய்முறை. அவர்கள் கொடுத்த மெய்நிகர் கணினிக் கோப்பு, பலருடைய மடிக்கணினியில் இருந்த மொத்த நினைவகத்தையும் கேட்டது. திரை உறைந்தவர்கள் பக்கத்தில் இருந்தவர் செய்வதை வேடிக்கை பார்த்தோம். இந்தப் பாடு தேவையே இல்லை என்பதை மீட்டப் எனப்படும் துறைக்காரர்களின் சந்திப்பு ஒன்றில்தான் தெரிந்துகொண்டேன். கற்பதற்கு பல கணினிகளை இணைத்த ஹடூப் கிளஸ்டர் வேண்டாம். பைத்தானின் நிறுவு கருவியான பிப் கொண்டு, ஸ்பார்க்கின் பைத்தான் வடிவமான பைஸ்பார்க்கை நிறுவினால், ஒரே கணினியில் உள்ளூர் முறையில் ஸ்பார்க் ஓடும். இடறும் இடம் ஜாவா பதிப்பு: ஸ்பார்க் 3.5க்கு ஜாவா 8, 11, 17 இவற்றில் ஒன்று போதும். ஸ்பார்க் 4க்குக் குறைந்தது 17 வேண்டும். விண்டோஸ்காரர்களுக்குக் கூடுதல் தண்டனையாக, கோப்பு எழுதும் நேரத்தில் வின்யூட்டில்ஸ் என்ற துணைக்கருவி இல்லை என்று பிழை வரும். பயிற்சிக்கான தரவுக்கு அலைய வேண்டாம். நியூயார்க் டாக்சிப் பயண விவரங்கள் மாதவாரியாக ஸ்பார்க் நேரடியாகப் படிக்கும் பார்க்கே என்ற கோப்பு வடிவத்திலேயே கிடைக்கின்றன.

மீட்டப்களிலும் எல்லாம் தேன் அல்ல. தங்கள் நிறுவனம் பெட்டாபைட் கணக்கில் தரவை மெல்கிறது என்று ஒருவர் படம் காட்டுவார். நமக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. உரை முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரம்தான் உண்மையான வகுப்பு. அப்போது காட்ட உங்கள் கையில் ஒரு பிழை இருக்க வேண்டும். "ஸ்பார்க் எப்படிக் கற்பது?" என்று கேட்டால் பத்துச் சுட்டிகளைத் தந்து நழுவிவிடுவார்கள். "இந்த வேலை ஏன் முடியவில்லை?" என்று திரையைத் திருப்பினால் நாலு பேர் கூடிவிடுவார்கள். அலுவலகத் தரவு திரையில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. வாடிக்கையாளர் எண் வாரியாகப் பிரித்து, ஒவ்வொருவருடைய பரிவர்த்தனைகளையும் தேதிப்படி அடுக்கும் ஸ்பார்க் கணக்கு; விண்டோ ஃபங்ஷன் என்பார்கள். மணிக்கணக்கில் ஓடி, நினைவகம் போதாமல் விழும். நினைவகத்தைக் கூட்டச் சொல்லியே எல்லோரும் அறிவுரை தந்தார்கள். அங்கே வந்திருந்த ஒரு பெண்மணி நிரலைக் கேட்கவே இல்லை. உலாவியில் 4040 என்ற போர்ட் எண்ணில் திறக்கும் ஸ்பார்க்கின் கண்காணிப்புப் பக்கத்தைக் காட்டச் சொன்னார். ஒரு வேலையை ஸ்பார்க் டாஸ்க் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்து ஓட்டும். மற்ற டாஸ்க்குகள் நொடிகளில் முடிந்திருக்க, ஒன்று மட்டும் நகராமல் கிடந்தது. "எத்தனை வரிசைகளில் இந்த வாடிக்கையாளர் எண் வெற்றாக இருக்கிறது?" என்றார். எண்ணிப் பார்த்தோம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! வெற்று எண்கள் எல்லாம் ஒரே பார்ட்டிஷனில், அதாவது அந்த ஒரு டாஸ்க்கின் பங்கில், போய்க் குவிந்திருந்தன. ஊர்ச்சுமை முழுவதும் ஒரே கழுதை மேல்.

வெற்று வரிசைகளை முதலிலேயே தனியாகப் பிரித்துவிட்டேன். வேலை சில நிமிடங்களில் முடிந்தது, ஒரு எம்பி நினைவகமும் கூட்டாமல். காலை முழுவதும் வரைந்த அந்தப் படங்களில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அந்த எண் ஏன் வெற்றாக வருகிறது என்று தரவு அனுப்பும் குழுவிடம் கேட்டிருக்கிறேன். படிவத்தில் அது கட்டாயமில்லை என்கிறார்கள்.