போன தடவை எடுத்த ரத்தம்

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி ஊர்களுக்கு உடல்நல ஆய்வு என்று போனால், ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது "என்ன ஆய்வு?" என்றல்ல. "போன தடவை எடுத்துட்டுப் போன ரத்தம் என்னாச்சு?" என்றுதான் கேட்பார்கள். அது நாங்கள் இல்லை, வேறு யாரோ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் பையுமாக ஜீப்பிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் அவர்கள் கணக்கில் ஒரே கூட்டம்.

நியாயமான கேள்விதான். ரத்த அணுக்களைப் பாதிக்கும் பரம்பரை நோயான சிக்கிள் செல்லின் பண்பு இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் நீலகிரியும் ஒன்று. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இங்குள்ள பழங்குடியினரின் ரத்தத்தைச் சோதித்து 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் அது தென்பட்டது. மருத்துவ உலகுக்கு நீலகிரியின் பெயர் தெரிந்துவிட்டது. மழைக்காலம் வந்தால் பிள்ளை ஏன் கைகால் வலியில் துடிக்கிறது என்று ரத்தம் கொடுத்தவர்களிடம் உட்கார்ந்து சொல்ல ஆள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. 1952-இல் கொடுக்க மருந்தும் கிடையாது என்பதால் அந்த இருவரைக் குறை சொல்ல மாட்டேன். மருந்து வந்த பிறகும் அது இந்த மலைக்கு வந்துசேர எடுத்துக்கொண்ட காலம்தான் எனக்கு உறுத்தல்.

1986-இல் அக்கார்டு என்ற தொண்டு அமைப்பு கூடலூரில் நில உரிமை வேலையைத் தொடங்கியது. ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவானது. அந்த வேலையிலிருந்தே சுகாதாரப் பணி கிளைத்து, 1990-இல் அஸ்வினி என்ற தனி அமைப்பாகி, கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையாக நிற்கிறது. அங்கே பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியராக இருக்கிறார்கள். பணியர், காட்டுநாயக்கர், பெட்டகுறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் என்று ஐந்து சமூகத்தாரும் அங்கே வருகிறார்கள். நான் வேலை பார்த்தது சமவெளியிலிருந்து வந்த வேறொரு ஆய்வுக் குழுவில். ஆனாலும் எங்களைப் போல வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு வீட்டுத் திண்ணையில் இடம் கிடைக்கிறது என்றால், அந்த அமைப்புகள் முப்பது வருடங்களுக்கு மேலாகச் சம்பாதித்து வைத்த நம்பிக்கையில்தான் கிடைக்கிறது. இதை எங்கள் அறிக்கைகளில் 'களச் சூழல் சாதகமாக இருந்தது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம்.

எங்கள் திட்டம் முக்கியமாக ரத்த அழுத்தம், சர்க்கரை பற்றியது; சிக்கிள் செல் பரிசோதனையும் அதில் இருந்தது. ஊர்க் கூட்டத்தில் அதை விளக்கினோம். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். அப்புறம் பின்வரிசையில் இருந்த ஒரு பணியப் பெண் எழுந்து, "சர்க்கரை இருக்கட்டும் மேடம், ராத்திரி வயித்துவலி வந்தா ரோட்டுக்கு எப்படிப் போறது? வழியில ஆனை நிக்குது" என்றார். அதன்பின் கூட்டம் முழுக்க யானைப் பேச்சுதான். ஒருபுறம் முதுமலைக் காடு, மறுபுறம் எஸ்டேட், நடுவில் வீடுகள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த ஒற்றையடிப் பாதையில் யாரும் நடப்பதில்லை. பிரசவ வலி கண்டவளும் நடக்க முடியாது, சிக்கிள் செல் வலியில் சுருண்டு கிடக்கும் பையனைத் தூக்கிக்கொண்டும் போக முடியாது.

நிதி கொடுத்த நிறுவனத்துக்கு இதை எழுதினோம். காட்டு விலங்கு தங்கள் ஆய்வு வரம்புக்குள் வராது என்று பதில் வந்தது. சரி, யானையை ஆய்வு செய்ய வேண்டாம், கேள்வித்தாளில் 'மாலை ஆறு மணிக்கு மேல் உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?' என்று ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறோம் என்று கேட்டு வாங்கினோம். எங்கள் தரவில் மாவட்ட சுகாதார அலுவலகத்தில் யாராவது நிமிர்ந்து உட்கார்ந்து படித்த பகுதி அந்தக் கேள்விக்கு வந்த பதில்கள்தான். சர்க்கரை அட்டவணைகளை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மக்களோடு சேர்ந்து ஆய்வு என்ற சொல் இப்போது எல்லாத் திட்ட வரைவிலும் இருக்கிறது. அது உண்மையா என்று பார்க்க நான் கண்டுபிடித்த குறுக்குவழி, பட்ஜெட்டில் சம்பளப் பக்கத்தைப் படிப்பது. வெளியூர் ஆய்வாளருக்கு மாதச் சம்பளமும் பயணப்படியும் இருக்கும். ஊரிலிருந்து எடுக்கும் பெண்ணுக்கு 'கள உதவியாளர், தினக்கூலி' என்று இருக்கும். யார் வீட்டில் எப்போது ஆள் இருக்கும், எந்தப் பாட்டிக்குக் காது கேட்காது, எந்தக் கேள்வியை மாமியார் முன்னால் கேட்கக்கூடாது என்பதெல்லாம் தெரிந்தவள் அவள்தான். மிளகு பறிப்பு நேரத்தில் பகலில் போனால் வீடுகள் பூட்டிக் கிடக்கும், இஞ்சி வேலைக்குப் பாதிப் பேர் கர்நாடகம் போயிருப்பார்கள், ஜூன் ஜூலை மழையில் பாதையே இருக்காது. எங்கள் கால அட்டவணையை அவர்கள் திருத்தித் தந்த பிறகுதான் வேலை நகர்ந்தது. அவர்களுக்கு மாதச் சம்பளம் வாங்கித் தர நடந்த கடிதப் போக்குவரத்தைத் தொகுத்தால் அதுவே தனி ஆய்வறிக்கையாகும்.

ஒப்புதல் படிவம் இன்னொரு கதை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. பழங்குடியினரிடம் ஆய்வு என்றால் உரிய நிர்வாக அனுமதி வேண்டும், ஊர்ப் பெரியவர்களிடம் பேச வேண்டும், ஆனால் தலைவர் சரி என்றதால் ஊரே சரி என்றதாகிவிடாது, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலையான சாட்சி முன்னால் கைநாட்டு. எங்கள் நெறிமுறைக் குழு இதைப் பல பக்கப் படிவமாக்கிக் கொடுத்தது. ஒரு முதியவர் மை டப்பாவைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருடைய தகப்பனார் காலத்தில் இப்படித்தான் ஒரு காகிதத்தில் விரலை வைத்து நிலம் போனதாம். கொத்தடிமையாக இருந்த தலைமுறையின் நினைவு அது. பாதுகாப்புக்காக நாங்கள் நீட்டும் மை அவருக்கு ஆபத்தாகத் தெரிவதில் வியப்பில்லை. வாய்மொழியாகச் சம்மதத்தைக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளக் குழுவிடம் தனியாக அனுமதி வாங்கினோம். அந்தப் பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ரத்தம் தர மாட்டேன், பேசுவேன் என்றார். அதுவும் ஒப்புதல்தான்.

சிக்கிள் செல் பரிசோதனையில் கஷ்டமான பகுதி ஊசி இல்லை, முடிவு. அம்மா, அப்பாவிடமிருந்து ஒவ்வொன்றாக வரும் இரண்டு மரபணுக்களில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் அவர் அதைச் சுமப்பவர், பெரும்பாலும் நன்றாகவே இருப்பார். இரண்டும் மாறியிருந்தால் நோய். குளிரிலோ உடம்பில் நீர் வற்றினாலோ ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும், வலி அங்கிருந்து வருகிறது. சுமக்கும் இருவர் திருமணம் செய்தால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. இதைப் படம் போட்டு விளக்க நாங்கள் வைத்திருந்த அட்டையை எங்கள் ஊர்ப் பணியாளர் ஒருவர் ஓரமாக வைத்துவிட்டார். பணியப் பெண்கள் காதில் அணியும் ஓலைத் தோட்டில் பதிக்கிற குன்றிமணி கொஞ்சமும், வெள்ளை மொச்சை கொஞ்சமும் கொண்டுவந்தார். அம்மாவுக்கு ஒரு துணிப்பை, அப்பாவுக்கு ஒரு துணிப்பை. ஒவ்வொன்றிலும் ஒரு குன்றிமணி, ஒரு மொச்சை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பைகளிலிருந்தும் ஒவ்வொன்று எடு. இரண்டும் சிவப்பாக வந்தால் அந்தப் பிள்ளைக்கு நோய்.

ஒரு பாட்டி எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப மூணு பிள்ளை நல்லாப் பொறந்துட்டா நாலாவதுக்குக் கண்டிப்பா வருமா?" மருத்துவக் கல்லூரி மாணவர்களே தடுமாறும் இடம் இது. பணியாளர் ஒன்றும் சொல்லாமல், எடுத்த விதைகளைத் திரும்பப் பைக்குள் போட்டுக் குலுக்கி, மறுபடி பாட்டியிடம் நீட்டினார். பாட்டி எடுத்தார், போட்டார், எடுத்தார். ஒவ்வொரு தடவையும் புதுக் கணக்கு என்பது யாரும் சொல்லாமலே கூட்டத்துக்குப் புரிந்தது. அந்த அச்சடித்த அட்டைகள் இன்னும் எங்கள் அலுவலக அலமாரியில் கட்டுக் கட்டாக இருக்கின்றன.

கல்யாணப் பேச்சில் இந்த முடிவு எப்படிப் பாயும் என்பதுதான் பெண்களின் கவலை. பையனுக்கு இருந்தால் 'ரெண்டு பேரும் பார்த்து நடந்துக்கலாம்' என்பார்கள், பெண்ணுக்கு இருந்தால் சம்பந்தமே நின்றுபோகும் என்று ஒருவர் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதமர் தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயது வரையிலான ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது அதன் இலக்கு. ஒழிப்புக்கு வைத்திருக்கும் கெடு 2047. சோதித்தவர்களுக்கு அட்டை தருகிறார்கள். அட்டை தரும் வேகத்தில் இந்த நோயின் வலியைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரையும் ஊர் மட்டத்தில் தடையின்றிக் கிடைக்க வேண்டும், ஆற அமரப் பேச ஆளும் வேண்டும். இல்லாவிட்டால் அட்டை ஜாதகக் கட்டத்தின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடும்.

மனநலம் பற்றி ஒரு வார்த்தை. எங்களிடம் இருந்தது உலகம் முழுக்கப் புழங்கும் ஒன்பது கேள்விப் பட்டியல்: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா, தூக்கம் கெட்டதா என்று போகும். கேட்டால் பதில் வரும், மதிப்பெண்ணும் வரும். ஆனால் ஒரு காட்டுநாயக்கப் பெரியவர் தன் உடம்பு, மனம் இரண்டையும் பற்றிச் சொன்னதெல்லாம் தேனெடுக்கப் போக முடிகிறதா, உறவில் சாவு விழுந்தால் போய்ச் சேர முடிகிறதா என்பதைப் பற்றித்தான். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் இதை 1989-லேயே தங்கள் தேசியச் சுகாதார உத்தி ஆவணத்தில் எழுதிவைத்தார்கள்: நலம் என்பது தனி ஆளின் உடம்பு மட்டுமல்ல, முழுச் சமூகத்தின் வாழ்வும் பண்பாடும் சேர்ந்தது என்று. இங்கே அப்படி ஓர் ஆவணம் இல்லாததால் நாங்கள் ஒன்பது கேள்விக்குப் பின்னால் ஒரு வெற்றுப் பக்கம் விட்டோம். அந்தப் பக்கங்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று புள்ளியியல் நண்பர் இன்னும் புலம்புகிறார்.

கடைசியாக, எடுத்த தகவல் யாருடையது என்ற விவகாரம். இதைப் பேசும்போது அமெரிக்காவின் ஹவாசுபாய் மக்கள் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் வாழும் அந்தச் சிறு சமூகம், 1990 முதல் சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தாருக்கு ரத்தம் கொடுத்தது. அதே ரத்தம் மனச்சிதைவு பற்றியும், அவர்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராயப் பயன்பட்டது பின்னால் தெரியவந்தது. வழக்காடினார்கள். 2010-இல் சமரசமாகி 41 பேருக்கு ஏழு லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது, மீதமிருந்த ரத்த மாதிரிகளும் திரும்பி வந்தன. கனடாவின் முதல்குடியினர் 1998-லேயே தங்கள் தரவின் உரிமையும் கட்டுப்பாடும் தங்களுக்கே என்று விதி வகுத்துக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017-இல் தங்களை ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கான நெறிமுறையைத் தாங்களே வெளியிட்டார்கள்.

எங்கள் ஆய்வில் அந்த விவகாரம் அட்டவணை 3-இல் வந்து நின்றது. எந்தச் சமூகத்தில் எத்தனை பேருக்குச் சிக்கிள் செல் பண்பு என்று சமூகப் பெயரோடு போடும் அட்டவணை. ஊர்களில் முடிவுகளைச் சொன்னபோது அதை அச்சில் போட வேண்டாம் என்றார்கள். நான் எதிர்த்துப் பேசினேன். பெயரும் எண்ணும் இல்லாமல் போனால் அந்தச் சமூகத்துக்கென்று மருந்தோ ஆளோ யாரும் ஒதுக்க மாட்டார்கள் என்பது என் வாதம், இன்றும் அதில் எனக்கு மாற்றமில்லை. "நம்பர் பேப்பர்ல வந்தா ஸ்கூல்ல பிள்ளையை அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடுவான், சார் வந்து தடுப்பீங்களா?" என்று ஓர் இளைஞர் எங்கள் குழுத் தலைவரிடம் கேட்டார். அவரிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: இதழுக்குத் தாலுகா வாரியான எண்கள் மட்டும், சமூகவாரி எண்கள் அவர்கள் கூட்டமைப்பிடமும் சிகிச்சை தரும் மருத்துவரிடமும் இருக்கும், யாருக்குக் கொடுப்பது என்பதை அவர்கள் சொல்வார்கள். இதழின் மதிப்பீட்டாளர் ஒருவர் அந்த அட்டவணை எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். பதில் கடிதத்தை இந்த முறை ஊர்க் குழுவில் உள்ள இரண்டு பேரும் நானும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். மிளகுப் பறிப்பு முடிந்ததும் அனுப்புவோம்.