போடி பாதையின் கூட்ஸ் ஷெட், 1:87 அளவில்: நான்கு மாத வேலைக் குறிப்பு

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்குச் சுமார் 90 கிலோமீட்டர் ஓடிய பழைய மீட்டர் கேஜ் பாதையில், ஒரு சிறு நிலையத்தின் ஓரத்தில் நின்ற ஓட்டுக்கூரைச் சரக்குக் கொட்டகையை மாடலாகச் செய்யும் வேலையைத் தை முடிவில் தொடங்கினேன். இப்போது ஆனி பிறந்துவிட்டது. 1928இல் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, 1950களில் மீண்டும் போடப்பட்ட அந்தப் பாதை, அகலப்பாதைப் பணிக்காக 2010 முடிவில் மூடப்பட்டது. தேனி வரை 2022இலும் போடி வரை 2023இலும் மறுபடி ரயில் ஓடத் தொடங்கிவிட்டது என்றாலும், நான் செய்ய நினைத்தது மூடப்படுவதற்குச் சற்று முந்தைய தோற்றத்தை: ஏலக்காய் மூட்டையும் பருத்திப் பொதியும் லாரிக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆன பிறகு, யாரும் பூட்டாமலும் யாரும் இடிக்காமலும் விட்டுவைத்த கொட்டகை.

அளவு 1:87, அதாவது நிஜத்தின் 87இல் ஒரு பங்கு. மீட்டர் கேஜின் 1,000 மில்லிமீட்டர் இந்த அளவில் 11.5 ஆகிறது, கடையில் கிடைக்கும் 12 மி.மீ. தண்டவாளம் அதற்குப் போதும். அந்தத் தண்டவாளம் நம்மை நினைத்துச் செய்யப்பட்டதன்று, ஸ்விட்சர்லாந்தின் மலைப்பாதைகளை மாடலாக்குபவர்களுக்காகச் செய்யப்படுவது. அங்கே மீட்டர் கேஜ் இன்னும் ஓடுவதால்தான் இங்கே நின்றுபோனதை நான் மேசைமேல் போட முடிகிறது.

கொட்டகை எந்த ஒரு நிலையத்தின் நகலும் அல்ல. 2009இல் எடுத்த இரண்டு புகைப்படங்களிலிருந்து, வெவ்வேறு நிலையங்களின் கட்டடங்களைச் சேர்த்து வரைந்துகொண்டேன். ஒரு படத்தில் அப்பா கதவோரமாக நிற்கிறார். அவர் உயரம் 5 அடி 6 அங்குலம், மாடலில் 19 மி.மீ.; அதையே அளவுகோலாக வைத்துச் சுவர் உயரம், கதவின் அகலம், கூரை விளிம்பு எல்லாவற்றையும் கணக்கிட்டேன். மொத்தக் கட்டடம் 30 அடிக்கு 20 அடி, அதாவது 105 மி.மீ. நீளமும் 70 மி.மீ. அகலமும் கொண்டது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான்.

சுவர்களுக்கு, இரு பக்கமும் தாள் ஒட்டிய 5 மி.மீ. ஃபோம் போர்டு எடுத்தேன். இந்த அளவில் அது ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைந்த கனத்தைத் தருவதால், பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரின் தடிமன் கதவு நிலையில் பார்க்கும்போது சரியாக விழுகிறது. காரை பெயர்ந்து செங்கல் தெரிய வேண்டிய இடங்களில் மட்டும் மேல் தாளை நனைத்து உரித்துவிட்டு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் செங்கல் வரிகளை அழுத்தி வரைந்தேன். ஒன்பது அங்குலச் செங்கல் 2.6 மி.மீ. நீளம், உயரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. முதல் நாளில் எழுபது, எண்பது கல்லுக்கு மேல் கண் ஒத்துழைக்கவில்லை.

நான்கு சுவர்களையும் முடித்து, மொட்டை மாடியில் வைத்து பெயின்ட்டுக்கு அடிப்பூச்சான ஸ்ப்ரே பிரைமர் அடித்ததுதான் இந்த வேலையின் முதல் இழப்பு. தாள் இருந்த இடத்தில் ஒன்றும் ஆகவில்லை. தாளை உரித்துச் செங்கல் வரைந்திருந்த இடங்களில், ஸ்ப்ரேயில் இருந்த கரைப்பான் ஃபோமைத் தின்று, சர்க்கரைப் பாகில் ஊறிய பஞ்சுபோலக் குழிகுழியாக்கிவிட்டது. நான்கு வார வேலை அரை நிமிடத்தில் போயிற்று. டப்பாவின் பின்புறம் எச்சரிக்கை தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் முறை, திறந்த ஃபோம் முழுவதையும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் இரண்டு தடவை மூடி, அக்ரிலிக் பெயின்ட்டைத் தூரிகையாலேயே பூசினேன். ஒரு பக்கம் மட்டும் பூசினால் போர்டு வளையும் என்பதால் உட்புறத்துக்கும் அதே பூச்சு.

கூரை சீமை ஓடு. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 ஓடு என்ற கணக்கில், தாழ்வாரத்தையும் சேர்த்தால் இந்தக் கூரைக்கு 1,200 ஓடுகளுக்கு மேல் வேண்டும். தனித்தனியாக வெட்டி ஒட்டுவது பக்திக் காரியம். எனக்கு அந்த அளவு பக்தி இல்லை. கெட்டித் தாளை 5 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, 2.4 மி.மீ. இடைவெளியில் கத்தியின் முதுகால் பள்ளம் இழுத்து, ஒவ்வொரு பட்டையும் அடுத்ததன் மேல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக ஏறும்படி ஒட்டினேன். ஒரு சாய்வுக்கு 13 வரிசை, இரண்டுக்கும் 26. எல்லாம் நேர்க்கோட்டில் வந்து முடிந்தபோது, கட்டடம் நேற்றுக் கட்டியதுபோல் இருந்தது. பழைய கூரையில் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டை வளையும். வளைந்த இடத்தில் ஓடு வரிசை ஒரு விரல் இறங்கும். ஆகவே ஏழு வரிசைகளைப் பிரித்து, நடுவில் அடித்தட்டைச் சற்றுத் தேய்த்துப் பள்ளமாக்கி மீண்டும் ஒட்டினேன். அதன்பின் ஆறு ஓடுகளைத் தனியாக வெட்டி, சரிந்து நிற்பதுபோல் வைத்தேன். இரண்டு இடங்களில் ஓடே இல்லாமல் விட்டு, உள்ளே ரீப்பர் தெரியும்படி செய்தேன். முகட்டு ஓடுகளுக்கு ஊதுபத்திக் குச்சியில் சுற்றி உலரவைத்த தாள்.

கதவுப் பலகைக்கு ஐஸ் குச்சி உதவாது. அதன் 2 மி.மீ. கனம் உண்மையில் 17 செ.மீ. ஆகிவிடும், கோட்டைக் கதவுக்குத்தான் பொருந்தும். மரக்கடையில் கழித்துப் போட்ட அரை மி.மீ. வெனீர்த் துண்டு சரியாக இருந்தது. அதைக் கடுந்தேநீரில் ஓர் இரவு ஊறவைத்து உலர்த்தி, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை வினிகரில் ஒரு வாரம் போட்டு வைத்த நீரை மேலே தடவினால், தேநீரின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து மரம் சில நிமிடங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. எந்தப் பெயின்ட்டாலும் அந்தச் சாம்பலைக் கொண்டுவர என்னால் முடிந்ததில்லை. வினிகர் புட்டியின் மூடியை இறுக்கக் கூடாது. உள்ளே வாயு சேரும்.

சுவரின் வெள்ளைக்கு நான் பெயின்ட் வாங்கவில்லை. வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் வாங்கிய மல் துணியில் மூன்று முறை வடிகட்டி, வெள்ளையடிப்பவர்கள் செய்வதுபோலவே ஒரு சிட்டிகை நீலப் பொடியும் நாலு சொட்டு ஃபெவிகாலும் சேர்த்துக்கொண்டேன். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது கண்ணாடிபோல் அடிநிறத்தைக் காட்டும், காய்ந்த பிறகே வெளுக்கும். இது தெரிந்தும் பொறுமை இல்லாமல் மூன்று பூச்சு பூசிவிட்டேன். சித்திரை வெயிலில் மாடியறையில் அது ஒரே நாளில் உலர்ந்து, இப்போது தெற்கு என்று வைத்திருக்கும் சுவரில் செதில் செதிலாக உரிந்தது. வருத்தப்பட்டுக்கொண்டே கிட்டத்தில் போய்ப் பார்த்தால், உரிந்த விதம் நான் வரைந்து செய்திருக்கக்கூடிய எதையும்விட நன்றாக இருந்தது. அப்படியே விட்டேன்.

ஆனால் சுண்ணாம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. அது உறிஞ்சும். அக்ரிலிக் மேல் பழகிய கையோடு, கரும்பழுப்பு வாஷை, அதாவது நீர்த்த பெயின்ட்டை, ஒரு சொட்டு வைத்தேன். மை உறிஞ்சும் தாளில் விழுந்ததுபோல் அது உடனே வட்டமாகப் பரவி நின்றுவிட்டது, துடைத்தும் போகவில்லை. இப்போது முதலில் சுவரை வெறும் தண்ணீரால் நனைத்து, ஈரம் இருக்கும்போதே மிக நீர்த்த வாஷைக் கீழ்நோக்கி இழுக்கிறேன். மற்றவற்றுக்குச் சாக்பீஸ் போன்ற பாஸ்டல் குச்சியை உரசி எடுத்த தூள். கறுப்பு நிறத்தை எங்கேயும் நேரடியாக வைப்பதில்லை; சிறிய அளவில் நிறங்கள் கூடுதல் அடர்த்தியாகத் தெரியும் என்பதால், கரி படிந்த இடத்துக்கும் சாம்பல் கலந்த பழுப்பே போதுமானது.

பழமையேற்றும் வேலையில் நான் செய்த பெரிய தவறு பெயின்ட் சார்ந்ததன்று. அயல்நாட்டு மாடல்காரர்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து, பச்சைப் பாசியையும் ஆரஞ்சுத் துருவையும் நான்கு பக்கமும் சமமாகப் பகிர்ந்து கொடுத்திருந்தேன். படம் எடுத்துப் பார்த்தால் அழகாகவே இருந்தது. கொத்தனார் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற என் தாய்மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“மாப்ள, இதுல கிழக்கு எது?”

“அத நான் யோசிக்கவே இல்லையே மாமா.”

“பெறகு பாசி எந்தச் சுவத்துல பிடிக்கும்னு எப்படித் தெரியும் ஒனக்கு?”

அதன் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். மதுரையிலிருந்து தேனிப் பக்கம் போகும் பாதை பெரும்பாலும் கிழக்கு மேற்காகச் செல்கிறது. அதை ஒட்டி நிற்கும் கொட்டகையின் நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருக்கும். தண்டவாளத்தைத் தெற்கிலும் லாரி வந்து நிற்கும் மண் சாலையை வடக்கிலும் வைத்துக்கொண்டேன். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து வரும். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குச் சுவரில் வெயிலே விழாது. நனைந்தது உலராது, பாசி அங்கேதான் பிடிக்கும், கோடையில் அது காய்ந்து கறுப்புத் திட்டாக நிற்கும். தெற்குச் சுவருக்கு ஆண்டின் பெரும்பகுதி வெயில்; அங்கே வெளுப்பும் உரிதலும் மட்டுமே. மேற்குப் பக்கச் சுவர் ஆனி, ஆடிக் காற்று கொண்டுவரும் புழுதியையும் மாலை வெயிலையும் சேர்த்து வாங்குவதால், பழுப்பேறி மங்கியிருக்க வேண்டும். கூரையிலும் இதே கணக்குத்தான்: வடக்குச் சாய்வு ஏறக்குறைய கறுப்பு, தெற்குச் சாய்வில் ஓட்டின் சிவப்பு இன்னும் மிச்சம்.

மேற்குச் சுவரில் நான் ஏற்கனவே வைத்திருந்த பச்சை போகவில்லை. அதன் மேல் மறுபடி சுண்ணாம்பு பூசினேன். பச்சை மங்கலாக உள்ளிருந்து தெரிந்தது. மாமாவிடம் கைப்பேசியில் படம் அனுப்பியபோது, “பாசியச் சொரண்டாம வெள்ளையடிச்சிருக்கான், சோம்பேறிப் பய” என்று பதில் வந்தது. கான்ட்ராக்டுக்கு வெள்ளையடித்தவனைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் விழும் கோட்டையும் அதே முறையில் தேடினேன். இந்தக் கூரைக்கு மழைநீரை வாங்கும் வாரிக்கால் கிடையாது. ஓட்டு நுனியிலிருந்து சொட்டும் நீர், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, மாடலில் 7 மி.மீ. தள்ளி விழும். அந்த இடத்தில் நுண்மண் கழுவப்பட்டுச் சரளை மட்டும் மிஞ்சி, சுவருக்கு இணையாக ஒரு சிறு வாய்க்கால் ஓடியிருக்கும். விழுந்த துளி செம்மண்ணோடு தெறித்து, சுவரில் ஒன்றரை அடி உயரம் வரை சிவப்பேற்றியிருக்கும். வடக்குப் பக்கம் மண் சாலை, ஆகவே அங்கே இந்தச் சிவப்பு உண்டு. தெற்கில் கல் பாவிய மேடை, ஆகவே அங்கே வெறும் சாம்பல் நிறத் தெறிப்பு மட்டும். பழைய பல் தூரிகையில் செம்மண் கரைசலைத் தோய்த்து, கட்டை விரலால் நிமிண்டிவிட்டால் தெறிப்பு கிடைக்கிறது. மேலே தெறிக்காமல் இருக்கத் தாளை வைத்து மறைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை மறைக்க மறந்து கூரையைத் திரும்ப வண்ணம் தீட்டினேன்.

துருவைப் பெரும்பாலும் எடுத்துவிட்டேன். முதலில் நான் வைத்திருந்த துரு, ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்க் கடற்கரையில் நிற்கும் கட்டடத்துக்கு உரியது. இந்தப் பாதையில் இருக்கும் உசிலம்பட்டிப் பக்கத்து வறண்ட காற்றில் கதவுக் கீல், தாழ்ப்பாள், ஜன்னல் கம்பியின் அடிமுனை ஆகியவற்றில் மெல்லிய கரும்பழுப்பு இருந்தால் போதும். கம்பியின் அடியிலிருந்து சுவரில் இறங்கும் கறை மட்டும் இரண்டு மி.மீ. நீளத்துக்கு விட்டிருக்கிறேன்.

மண் உசிலம்பட்டிச் சாலையோரத்தில் எடுத்தது. தோசைக்கல்லில் வறுத்து, டீ வடிகட்டியிலும் பிறகு மல் துணியிலும் சலித்தேன். வறுக்காவிட்டால் மழைக்காலத்தில் இந்த மாடல் காட்சியில் உண்மையாகவே புல் முளைக்கும். தண்டவாளத்துக்கு இடையில் போடும் ஜல்லிக்கும் மணலுக்கும் மேலாக ஒரு காந்தத்தை நான்கைந்து முறை ஓட்டினேன். வைகை மணலில் ஒட்டிக்கொண்டு வந்த கருந்தூள் ஒரு தேக்கரண்டி இருக்கும். அது எஞ்சினின் மோட்டாருக்குள் போனால் ரயில் நிரந்தரமாக நிலையத்திலேயே நிற்கும்.

மிச்சம் இருப்பது மேடையோர எடைமேசை, ஒரு சீமைக்கருவேலம், வடக்குக் கதவு. கதவை ஒட்டும் முன் உட்புறச் சுவரைப் பார்த்தேன்: வளையாமல் இருக்கப் பூசிய சாம்பல் அக்ரிலிக்கைத் தவிர அங்கே எதுவும் இல்லை. ஓடு இல்லாத அந்த இரண்டு இடங்களின் நேர் கீழே தரையில் ஈரத்தடம் இருந்திருக்கும், மூட்டை உரசிய உயரத்தில் சுவர் மழுங்கியிருக்கும். கதவை எடுத்து மறுபடி டப்பாவில் போட்டிருக்கிறேன்.